மலைநாட்டில் மர அம்புக்கு நிறம் தீட்டி மெருகேற்றுவது: முழுமையான வழிகாட்டி

கையால் சீவிய அம்புக் கோல் எவ்வளவு நேராக இருந்தாலும், பூச்சில்லாமல் இலங்கை மலைநாட்டின் தலவாக்கலை மூடுபனியில் ஒரு வாரம் கிடந்தால் திரும்பிவிடும். மரம் ஈரத்தை இழுக்கும், இழுத்த பக்கம் புடைக்கும், கோல் வளையும். வெயில் வந்ததும் மறுபடி சுருங்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால், நெருப்பில் காட்டி எத்தனை தடவை நிமிர்த்தினாலும் கோல் நிலைக்காது. மலைநாட்டில் அம்புக்குப் பூசும் பூச்சு முதலில் காப்பு, அப்புறம்தான் அழகு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்பது தானாகவே புரியும்.

உருண்டையாகச் சீவி, நிமிர்த்தி முடித்த கோலிலிருந்து தொடங்குகிறேன். தோட்டத்து மைதானத்தில் குறிபார்த்து எய்யப் பழகுகிறவர்களுக்கும், மாசியில் மன்மதன் சிவன் மேல் கணை தொடுக்கும் கதையை ஆடும் காமன் கூத்துக்கு அம்பு செய்து கொடுப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எய்யும் அம்புக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். கூத்து அம்பைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

எப்போது, எங்கே பூசுவது

ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா என்று மேற்குப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே காற்று காய்ந்திருப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைதான். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று ஊவாப் பக்கம் போனால் கணக்கு மாறும். அங்கே மாரி வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும். மேற்குப் பக்கத்துத் திம்புளைத் தேயிலைக்கும் ஊவாத் தேயிலைக்கும் வாசனை ஏறும் மாதங்களும் இவைதான் என்பது தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கொழுந்துக்கு மணம் கொடுக்கிற அதே காய்ந்த காற்றில்தான் வார்னிஷும் ஒழுங்காகக் காயும். ஆகவே சீவுவதையும் நிமிர்த்துவதையும் மழைக்காலத்தில் செய்து வைத்துக்கொண்டு, பூச்சு வேலையை இந்த மாதங்களுக்கு ஒதுக்குங்கள்.

நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் பகலில் வெயில் காய்ந்தாலும் விடியற்காலையில் தேயிலைச் செடியில் உறைபனி படியும் நாட்கள் உண்டு. காலை பத்து மணிக்கு முன்னால் டின்னைத் திறக்க வேண்டாம். பகல் இரண்டு மணிக்குப் பிறகு புதிய பூச்சு எதுவும் தொடங்க வேண்டாம். மூடுபனி இறங்குவதற்கு முன் பூச்சின் மேல்தோல் இறுகியிருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

தேய்க்கிற வேலைக்கு லயத்து (தோட்ட வரிசை வீட்டு) இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை, நல்ல இடம். பூசுகிற வேலையை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள், அடுப்புள்ள இடத்தில் அறவே வேண்டாம். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். லயத்தில் ஒரு காம்பராவில் (அறையில்) தீப்பிடித்தால் வரிசை முழுக்கப் போகும். வெளியே, காற்றோட்டமுள்ள ஒரு கொட்டிலில் கம்பி கட்டிக் கோல்களைத் தொங்கவிட்டு வேலை செய்யுங்கள்.

கோலைத் தயார் செய்தல்

பைனஸ் மரத்தில் செய்த கோல் நம் பக்கத்தில் கிடைப்பதில் சுலபமானது. நேர் ரேகையுள்ள துண்டாகத் தேர்ந்தெடுத்தால் எய்யவும் நன்றாக இருக்கும். ஆனால் பைனஸில் பிசின் உண்டு. பிசின் கசிகிற இடத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது. டர்பன்டைனில் நனைத்த சீலையால் கோலை ஒருமுறை நன்றாகத் துடைத்து, முழுவதும் உலரவிடுங்கள்.

பச்சைக் கோல்களை அடுப்புக்கு மேலே பரணில் கட்டி உலர்த்துவது நம் வீடுகளில் வழக்கம். நல்ல வழிதான். மிலாறு (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) எரிகிற அடுப்பின் சூடு மெதுவாக, சீராக ஈரத்தை எடுக்கும். ஒரே ஒரு சிக்கல், கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் மரத்தில் ஏறும். இறக்கியதும் மேல்தோலைத் தேய்த்து எடுக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

சாண்ட்பேப்பரில் 150, அப்புறம் 220, கடைசியில் 320. எப்போதும் நீளவாக்கில்தான், ரேகையோடு. குறுக்கே தேய்த்த கோடு வெறும் மரத்தில் கண்ணுக்குத் தெரியாது, சாயம் ஏறிய பிறகு பளிச்சென்று தெரியும். 220 முடிந்ததும் ஈரச் சீலையால் கோலைத் துடைத்து உலரவிட்டால், மரத்தின் நுண்ணிய நார்கள் எழுந்து நிற்கும். விரலால் தடவினால் சுரசுரப்பு தெரியும். அவற்றை 320 ஆல் இலேசாக நீவி எடுங்கள். இதைச் செய்யாமல் நேராகச் சாயம் தொட்டால் அந்த நார்கள் சாயத்துக்குப் பிறகு எழும். அப்போது தேய்த்தால் சாயமும் சேர்ந்து போகும்.

முனை செருகும் கூம்பிலும், நாண் கவ்வும் துண்டு செருகும் பின்பக்கக் கூம்பிலும் மறைப்பு டேப் சுற்றிவிடுங்கள். பசை வெறும் மரத்தைத்தான் இறுகப் பிடிக்கும்.

இந்தக் கட்டத்தில் ஒவ்வொரு கோலையும் நிறுத்துப் பாருங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சிறிய மின்தராசு போதும். எடையைப் பென்சிலால் முனைப்பக்கக் கூம்பில் எழுதி வையுங்கள். ஒரே கட்டு அம்புகளுக்குள் வித்தியாசம் அரைக் கிராமுக்குள் இருந்தால் நல்லது. பூச்சு தடிப்பாக ஏறினால் இந்தக் கணக்கு குலையும், அதுவும் வால் பக்கமே கனக்கும். அதனால் எடை கூடிய கோலுக்கு மெல்லிய பூச்சு, குறைந்ததற்கு ஒரு பூச்சு அதிகம் என்று சரிக்கட்டலாம்.

தேயிலைச் சாயம்

கடையில் விற்கும் மரச்சாயம் எதையும் நான் குறைசொல்லவில்லை. ஆனால் தேயிலை நாட்டில் இருந்துகொண்டு அம்புக்குச் சாயத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தேயிலையில் துவர்ப்புச் சத்தான டானின் நிறைய இருக்கிறது. டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். பழங்காலத்து எழுது மையின் இரகசியமும் இதுதான்.

முதலில் இரும்புத் தண்ணீரை முன்கூட்டியே தயாரிக்க வேண்டும். ஸ்டீல் வூல் என்று கேட்டு வாங்குங்கள். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான கம்பிச் சுருள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு, அது கரையாது. ஸ்டீல் வூலில் இருக்கும் எண்ணெயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிய்த்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூழ்கும் அளவு வினாகிரி ஊற்றுங்கள். மூடியை இறுக்கக் கூடாது. உள்ளே வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும், இறுக்கினால் போத்தல் வெடிக்கும். துணி கட்டி வைத்தால் போதும். சில நாட்களில் தண்ணீர் சாம்பல் நிறமாகவோ செம்பழுப்பாகவோ மாறும். அதை மெல்லிய சீலையில் வடித்து எடுங்கள்.

பைனஸ் மரத்தில் இயற்கையான டானின் குறைவு. அதனால் இரும்புத் தண்ணீரை மட்டும் பூசினால் மங்கலான சாம்பல்தான் வரும். அதற்குத்தான் தேயிலை. டஸ்ட் தேயிலை இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, ஒரு பெரிய கோப்பைத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவிடுங்கள். குடித்து முடித்த சக்கை உதவாது. சாயம் கையில் பட்டால் விரல் பழுப்பாகிற அளவு கடுமையாக இருக்க வேண்டும்.

இப்போது கோலில் தேயிலைச் சாயத்தைத் துணியால் நீளவாக்கில் பூசி உலரவிடுங்கள். மறுபடி பூசுங்கள். இரண்டு தடவை ஏறிய கோல் இளம் பழுப்பாக, புதுப் பலகை போல இருக்கும். இதோடு நிறுத்திவிடவும் செய்யலாம். கறுப்பு வேண்டுமென்றால் அடுத்து இரும்புத் தண்ணீர். துணியை நனைத்துப் பிழிந்து ஒரே இழுப்பில் கோல் முழுவதும் தடவுங்கள். தொட்டவுடன் எதுவும் நடக்காதது போல இருக்கும். அப்புறம் ஓரத்திலிருந்து நிறம் திரும்பத் தொடங்கும். முதலில் பச்சை கலந்த சாம்பல், பிறகு நீலச் சாம்பல், சில நிமிடங்களில் கரிக்கறுப்பு. மரத்தின் ரேகை அந்தக் கறுப்புக்குள்ளும் தெரியும். எந்தக் கறுப்பு எனாமலும் இந்த ஆழத்தைக் கொடுக்காது.

இரும்புத் தண்ணீரையும் தேயிலையையும் ஒரே கிண்ணத்தில் கலக்காதீர்கள். கலந்தால் சாயம் மரத்துக்குள் போகாமல் மேலே கரி போலத் தங்கும், பிறகு உதிரும். பூசி உலர்ந்ததும் ஈரச் சீலையால் துடைத்து மிச்சமான தூளை எடுத்துவிட்டு, ஒரு முழு நாள் உலரவிடுங்கள்.

மஞ்சளில் அழகான நிறம் வரும் என்று பலர் முயல்கிறார்கள். வருவது உண்மை. ஆனால் வெயிலில் சீக்கிரம் மங்கும், சுண்ணாம்போ சவர்க்காரமோ பட்டால் சிவக்கும். எய்யும் அம்புக்கு வேண்டாம்.

தண்ணீர்ச் சாயம் எதுவானாலும் கோலைக் கொஞ்சம் வளைக்கும். அதனால் சாயம் உலர்ந்தபின் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்து உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் இப்போதே சூடு காட்டி நிமிர்த்துங்கள். அடைப்புப் பூச்சு ஏறிய பிறகு சூடு காட்ட முடியாது.

எதன் மேல் எது

பூச்சு வேலையில் பெரும்பாலான அலங்கோலங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத டின்களை ஒன்றன் மேல் ஒன்றாகத் திறப்பதால் வருகின்றன. ஹாட்வெயார் கடையில் கேட்டால் எல்லாம் ஒத்துப்போகும் என்றுதான் சொல்வார்கள். நீங்களே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எனாமல் மேல் லேக்கர் அடித்தால், லேக்கரில் இருக்கும் கடுமையான தின்னர் எனாமலைத் தூக்கிச் சுருக்கிவிடும். லேக்கர் நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் எனாமல் அடிக்கலாம். அரக்குப் பூச்சு (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரையும். ஆகவே அரக்கு பூசிய கோலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பூச்சு கையோடு வரும். அக்ரிலிக் நிறத்தையும் ஸ்பிரிட் இளக்கும், அதனால் அக்ரிலிக் கோடுகள் மேல் அரக்கைத் தூரிகையால் தேய்த்தால் கோடு கலங்கும். மெழுகு எதற்கும் அடியில் வரக் கூடாது. அதன் மேல் நிறமும் நிற்காது, பசையும் நிற்காது.

நான் எல்லோருக்கும் சொல்கிற வரிசை இது: அடைப்புப் பூச்சாக அடியில் அரக்கு, வால் நிறத்துக்கும் கோடுகளுக்கும் எனாமல், மேலே எண்ணெய் வார்னிஷ் அல்லது பொலியூரித்தேன். பொலியூரித்தேன் பூசுவதாக இருந்தால் அரக்கு மெழுகு நீக்கியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உரியும்.

அரக்கைத் தயாராக வாங்குவதைவிடச் செதிலாக வாங்கிக் கரைப்பது மேல். ஒரு லீட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் செதில் போட்டால் மெல்லிய கரைசல் கிடைக்கும். அம்புக்கு இதுவே போதும். இரவு ஊறவிட்டு, இடையிடையே குலுக்கி, வடிகட்டுங்கள். கரைத்த அரக்கு பழசானால் காயவே காயாது. அதனால் கரைத்த திகதியைப் போத்தலில் எழுதி, ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பூசுவது சுலபம். நூல் உதிராத சீலையை மடித்து, அரக்கில் நனைத்து, கோலை அதற்குள் வைத்து ஒரே இழுப்பு. அரை மணி, ஒரு மணி நேரம் விட்டு அடுத்தது. மூன்று பூச்சுக்குப் பிறகு மிக மென்மையான ஸ்டீல் வூலால் நீவி, தூசியைத் துடைத்து, இன்னும் ஒன்று. நுனி வெட்டுகளில்தான் மரம் தண்ணீரை மிக வேகமாகக் குடிக்கும். கோலின் இரண்டு முனை வெட்டுகளுக்கும் தூரிகையால் தனியாகத் தொட்டுவிடுங்கள்.

வால் நிறம்

அம்பின் பின்பக்கம், இறகு ஒட்டுகிற பகுதி முழுவதும் ஒரே பளிச்சென்ற நிறம் கொடுப்பதை வில்லாளர்கள் கிரவுன் என்பார்கள். 30 அங்குலக் கோலில் ஏழிலிருந்து ஒன்பது அங்குலம் வரை இதற்கு ஒதுக்கலாம். இதன் முதல் பயன் அம்பைத் தேடி எடுப்பது. மானாப் புல்லுக்குள் சறுக்கி விழுந்த பழுப்பு அம்பை இரண்டடி தூரத்தில் நின்றும் காண முடியாது. பச்சை தேயிலைக்குள் மறையும், சிவப்பு நம் செம்மண்ணில் மறையும், போதாததற்கு மாலை மங்கும்போது சிவப்புத்தான் முதலில் கறுப்பாகத் தெரியும். வெள்ளை, மஞ்சள், வெளிர் ஆரஞ்சு ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். வெள்ளையை அடியாகப் போட்டு அதன் மேல் மஞ்சள் கொடுத்தால் மஞ்சள் எரிகிற மாதிரித் தெரியும்.

தூரிகையைவிட முக்கி எடுப்பது சீராக வரும். முக்கால் அங்குல பிவிசி குழாயில் ஓரடி வெட்டி, அடியை மூடி ஒட்டி, நேராக நிற்கும்படி ஒரு பலகையில் பொருத்துங்கள். எனாமலை டர்பன்டைனில் பால் பதத்துக்கு இளக்கி, பழைய நைலோன் காலுறையில் வடித்து ஊற்றுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: லேக்கரைப் பிவிசி குழாயில் ஊற்றக் கூடாது, அதன் தின்னர் குழாயையே இளக்கும். லேக்கர் என்றால் உலோகக் குழாய்.

கோலின் வால் பக்கத்தை மெதுவாக இறக்கி, அதைவிட மெதுவாக உயர்த்துங்கள். ஓர் அங்குலம் உயர இரண்டு மூன்று விநாடி. வேகமாக எடுத்தால் நிறம் தடித்து வழியும். எடுத்ததும் வால் கீழே இருக்கும்படி தொங்கவிட்டு, நுனியில் திரளும் துளியைக் கடதாசியால் தொட்டு எடுங்கள். அந்தத் துளியை விட்டால் அங்கே குமிழாகக் காய்ந்து, பின்பு நாண் துண்டு கோணலாக உட்காரும்.

டின்னில் போட்டிருக்கும் காயும் நேரம் சமவெளிச் சூட்டுக்கு எழுதியது. 16 பாகைக் குளிரில் அதை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தால் அமுக்கிப் பார்ப்பதைவிட மூக்கால் பார்ப்பது நல்லது. தின்னர் மணம் கொஞ்சமாவது வந்தால் உள்ளே இன்னும் காயவில்லை.

கோல் முழுவதையும் எனாமலில் முக்கிப் பளபளவென்று ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எய்யும் அம்பில் இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மர அம்பு எப்போதாவது வெடிப்பு விடும். வெடித்த அம்பை நாணில் பூட்டி இழுத்தால் முறிந்த சிராய் வில் பிடித்த கைக்குள் ஏறும். முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு ஊடுருவிப் பார்க்கக்கூடிய பூச்சோடு இருந்தால்தான் அந்த மயிரிழை வெடிப்பைக் காண முடியும்.

வளையக் கோடுகள்

வால் நிறம் முடிகிற இடத்திலும் அதற்கு முன்னும் சுற்றிப் போடும் வண்ண வளையங்கள்தான் இது யாருடைய அம்பு என்று சொல்லும். ஒரே குறியில் நான்கு பேர் எய்தால் சண்டை வராமல் பிரித்து எடுக்க உதவுவதும் இதுதான். வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுவே.

தனியான இயந்திரம் வேண்டியதில்லை. பலகையில் இரண்டு கட்டைகளை நிறுத்தி, மேலே V வடிவில் வெட்டி, வெட்டில் கம்பளித் துணி ஒட்டுங்கள். கோல் அதில் படுத்துச் சுழலும். சுழற்றுவதற்குப் பழைய தையல் மெஷின் மோட்டார் கச்சிதமானது, காலால் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். மோட்டார் அச்சையும் கோலையும் ஒரு துண்டு ரப்பர் குழாயால் இணையுங்கள். மோட்டார் இல்லாவிட்டால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விரலால் உருட்டினாலும் வேலை நடக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். கோல் அதிராமல் ஓட வேண்டும். அதிர்ந்தால் அது நேராக இல்லை என்று அர்த்தம், கோடு ஒரு பக்கம் தடிக்கும், மறு பக்கம் மெலியும்.

எங்கே எந்த வளையம் என்று ஒரு கடதாசிப் பட்டையில் குறித்து, அதைக் கட்டைகளுக்கு நடுவே கோலுக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். கட்டிலுள்ள எல்லா அம்புக்கும் ஒரே பட்டை. தட்டையான தூரிகையால் அகலப் பட்டைகளை முதலில் போட்டு, காயவிட்டு, பிறகு மெல்லிய தூரிகையால் அவற்றின் ஓரங்களில் கறுப்போ பொன்னிறமோ மயிரிழைக் கோடு கொடுங்கள். அகலப் பட்டையின் ஓரம் கொஞ்சம் பிசிறியிருந்தாலும் இந்தக் கோடு மூடிவிடும். நிறம் பால் பதத்தில் இருக்கட்டும். தூரிகையை நகர்த்த வேண்டாம். நுனியைத் தொடவைத்துப் பிடித்திருங்கள், கோல் சுழன்று கோட்டைத் தானே இழுத்துக்கொள்ளும். ஒரு முழுச் சுற்று முடிந்ததும் தூக்கிவிடுங்கள். இரண்டாம் சுற்றுக்கு விட்டால் கோடு தடிக்கும்.

நிறத் தெரிவுக்கு ஒரு யோசனை. மன்மதனின் ஐந்து கணைகள் தாமரை, மா, அசோகு, முல்லை, நீலோற்பலம். ஐந்து அம்புள்ள கட்டுக்கு வெள்ளை வால் நிறம் பொதுவாக வைத்து, அகலப் பட்டையில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் நிறம் கொடுங்கள். தாமரைக்கு இளஞ்சிவப்பு, மாம்பூவுக்கு வெளிர் மஞ்சள், அசோகுக்குச் செவ்வாரஞ்சு, நீலோற்பலத்துக்கு நீலம். முல்லைக்கு வெள்ளை மேல் வெள்ளை தெரியாது என்பதால் இரண்டு கறுப்புக் கோடுகளுக்கு நடுவே வெறுமையாக விடலாம். எய்யும்போது எந்த அம்பு எங்கே போய்த் தைத்தது என்று பார்த்தவுடனே தெரியும். ஒரே அம்பு எப்போதும் இடப்பக்கம் போகிறதென்றால் குற்றம் அந்தக் கோலில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

எனாமலுக்கு மாற்றாக மெழுகு பதத்து அரக்கிலும் வளையம் போடலாம். மாத்தளைப் பக்கம் ஹபுவித கிராமத்தில் சிங்களக் கைவினைஞர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் அரக்கு வேலை பெயர் பெற்றது. சூட்டில் இளகிய வண்ண அரக்கை நூலாக இழுத்து, பொருளின் மேல் சுற்றி, பெருவிரல் நகத்தால் அமுக்கி வெட்டிக் கோலம் செய்வார்கள். கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தில் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வுச் சூட்டில் இளகவைத்துப் பூசும் முறையும் உண்டு. அம்புக் கோல் மெல்லியது, அழுத்தினால் வளையும். ஆகவே நூல் முறைதான் அம்புக்குப் பொருந்தும். கண்ணாடி போன்ற பளபளப்பு, எந்த டின்னிலும் கிடைக்காத சிவப்பு. ஆனால் கல்லில் பட்டால் தெறிக்கும். பரிசாகக் கொடுக்கும் அம்புக்கும் கோயிலில் வைக்கும் அம்புக்கும் செய்யுங்கள்.

மேல் பூச்சும் பால் வெளுப்பும்

கோடுகள் முழுவதும் காய்ந்த பிறகு, கோல் முழுவதற்கும் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு. சீலையால் தடவித் துடைத்தெடுக்கும் அளவு மெல்லியது. பூச்சுகளுக்கு நடுவே 320 சாண்ட்பேப்பரால் பட்டும் படாமலும் ஒரு நீவல்.

மலைநாட்டில் அரக்கிலும் லேக்கரிலும் அடிக்கடி வரும் தொல்லை, பூசிய சில நிமிடத்தில் பால் தெளித்தது போல வெளுப்பது. காரணம் எளிது. ஸ்பிரிட்டும் தின்னரும் ஆவியாகும்போது மேல்தோலைக் குளிரவைக்கும். சுற்றியுள்ள ஈரக்காற்று அந்தக் குளிரில் நுண்துளியாகப் படிந்து பூச்சுக்குள் சிறைப்படும். வெளுத்துவிட்டால் சுரண்ட வேண்டாம். நல்ல வெயில் நாளில், அரக்கானால் ஸ்பிரிட்டையும் லேக்கரானால் தின்னரையும் மிக இலேசாகத் தடவினால் பூச்சு இளகி ஈரம் வெளியேறித் தெளியும். வராமல் தடுக்க, பூசுவதற்கு முன் கோல்களையும் டின்னையும் வெயிலில் வைத்துக் கைச்சூடு ஏற்றிக்கொள்ளுங்கள். குளிர்ந்த கோலில் வெயில் நாளிலும் ஈரம் படியும்.

ஆளி எண்ணெயில் முடிக்க விரும்புகிறவர்களும் உண்டு. தொட இனிமையான பூச்சுத்தான், ஆனால் நம் குளிரில் காய நாள் கணக்காகும், ஈரத்தையும் வார்னிஷ் அளவுக்குத் தடுக்காது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவிட்டு அகற்றுங்கள்.

நாண் துண்டும் இறகும்

டேப்பை அவிழ்த்து, நாண் துண்டை ஒட்டும்போது மரத்தின் வளர்ச்சி வளையங்களைப் பாருங்கள். கோலின் இரு பக்கங்களில் நெருக்கமான இணைகோடுகள் தெரியும். அந்தப் பக்கம் வில்லின் உடலோடு உரசும்படி நாண் பிளவு அமைய வேண்டும், அதுதான் விறைப்பான பக்கம்.

இறகுக்கு வான்கோழிச் சிறகின் பெரிய இறகே நல்லது. கோழி இறகு துவளும். மயிலிறகையோ காட்டுப் பறவை இறகையோ தேடிப் போகாதீர்கள். 1937இல் இயற்றப்பட்ட வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஓர் அம்பின் மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். ஒட்டப்போகும் இடத்தை 320 ஆல் மங்கலாக்கி, உலர்ந்த துணியால் துடைத்து ஒட்டுங்கள். புதிய பசை என்றால் முதலில் ஓர் உதவாத கோலில் ஒரு துளி வைத்து மறுநாள் பாருங்கள். சில பசைகள் அடியில் உள்ள நிறத்தையே கரைத்துக்கொண்டு நழுவும். மூன்று இறகும் 120 பாகை இடைவெளியில், ஒன்று மட்டும் நாண் பிளவுக்குச் செங்குத்தாக. இறகின் முன்நுனியில் நூல் சுற்றி வார்னிஷ் தொட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் கிளம்பாது.

கூத்துக்கான அம்பு

காமன் கூத்து மாசியில் வருவது மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு வாய்ப்பானது, பூச்சு காயும் காலமும் அதுவே. இந்த அம்புக்கு விறைப்பும் எடையும் முக்கியமில்லை, பெட்ரோமெக்ஸ் வெளிச்சத்திலும் மின்குமிழ் வெளிச்சத்திலும் தூரத்தில் நிற்பவருக்குத் தெரிய வேண்டும். மெல்லிய கோடுகள் வீண். மூன்றங்குலப் பட்டைகளாகப் பொன்னிறமும் சிவப்பும் மாற்றி மாற்றி, நடுவில் கறுப்பு. வார்னிஷ் பளபளப்பு வெளிச்சத்தில் கண்ணைக் கூசும், ஆகவே மங்கல் வகை. முனைக்கு உலோகம் எதுவும் வேண்டாம். பஞ்சைத் துணியில் உருட்டிக் கட்டி அதன் மேல் கடதாசிப் பூ வையுங்கள். சிவன் வேடக்காரருக்கு மிக அருகே நின்று கணை தொடுக்கும் காட்சி அது. கூத்து வாத்தியாரிடம் அம்பைக் கொடுக்கும்போது நாண் தளர்ந்த வில்லோடுதான் கொடுக்க வேண்டும். அருச்சுனன் தபசு என்ற கூத்துக்குச் செய்யும் அம்புக்கும் இதே விதிதான்.

பராமரிப்பு

எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் கோலின் இரு முனைகளையும் பிடித்து இலேசாக வளைத்து, திருப்பித் திருப்பிக் காது கொடுங்கள். சின்ன நெரிசல் சத்தம் கேட்டாலும் அந்த அம்பை முறித்துப் போடுங்கள், எவ்வளவு அழகாகக் கோடு போட்டிருந்தாலும் சரி. எய்கிற திசையில் கொழுந்து பறிக்கும் மலை இருந்தால், அன்று ஆள் இல்லை என்று தெரிந்தாலும் எய்ய வேண்டாம்.

மண்ணில் தைத்த அம்பின் முனையோரம் பூச்சு முதலில் தேயும். அங்கே வெறும் மரம் தெரிந்த அன்றே துடைத்து, உலர்த்தி, வார்னிஷ் தொட்டுவிடுங்கள். மழையில் நனைந்த அம்பை அடுப்பருகே நிறுத்தாமல், இறகு மேலே இருக்கத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துங்கள். எல்லாம் காய்ந்த பிறகு, இறகுப் பகுதியை விட்டுவிட்டு, தேன்மெழுகும் டர்பன்டைனும் கலந்த பூச்சைக் கோலில் தேய்த்துச் சீலையால் மெருகேற்றலாம். சுவரில் சாய்த்து வைத்த அம்பு மழைக்காலம் முடிவதற்குள் வில்லாக வளைந்துவிடும். கம்பியில் தொங்கவிடுங்கள், அல்லது இரண்டு மூன்று இடத்தில் தாங்கல் உள்ள தட்டில் படுக்கவையுங்கள். சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டிய தட்டு மட்டும் வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் இரவெல்லாம் ஈரம் கசியும்.